பத்து மீட்டருக்கு எந்த பெல்லட்? ஒரு ஓய்வுபெற்ற தரப்பரிசோதகரின் கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். நீங்கள் பத்து மீட்டர் தூரத்து இலக்கை ஏர் பிஸ்டலில், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கியில், சுடுகிறவர், அறுபது குண்டில் 600க்கு 560ஐ இன்னும் எட்டிப் பார்க்காதவர் என்றால், பயிற்சிக்கு மலிவான தட்டைத் தலை பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, போதும். போட்டி நாளுக்கு எச் அண்ட் என் கம்பெனியின் ஃபைனல் மேட்ச் பிஸ்டல் என்ற பெல்லட், இல்லாவிட்டால் ஆர்டபிள்யூஎஸ் கம்பெனியின் ஆர்10. இந்த இரண்டுக்குள் எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஏர் ரைபிள் சுடுகிறவர் என்றால் கதையே வேறு. அது பின்னால் வருகிறது.

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு எந்திரப் பாகத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாகங்களை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்தே காலம் போனது. ஓய்வுக்குப் பிறகு ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்தேன். மனைவிக்கு இன்றுவரை இது புரியவில்லை; "சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு" என்பாள். சும்மா இருக்கத்தான் இந்த விளையாட்டே! ஒற்றைக் கையை நீட்டி, மூச்சை அடக்கி, அசையாமல் நிற்பதற்குத்தான் மதிப்பெண்.

பெல்லட் விஷயத்தில் என்னைக் கிளப்பிவிட்டவன் பிரிஸ்பனில் இருக்கும் என் மச்சான். அவன் 38 ஸ்பெஷல் ரிவால்வரும் 308 ரைபிளும் சுடுகிறவன். தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை, சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்துவந்து, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றி, வெடிமருந்து அளந்து போட்டு, குண்டு பொருத்தித் தானே செய்துகொள்கிறான். அங்கே உரிமம் உள்ளவருக்கு அது சாதாரணப் பொழுதுபோக்கு. வீடியோ அழைப்பில் அவன் மேசையைக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ரைபிளுக்கு ஏஆர் 2208 என்ற மருந்து வைத்திருக்கிறான். நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா என்ற ஊரில் தயாராவது. அதே மருந்துதான் அமெரிக்காவுக்குப் போய் வார்கெட் என்ற பெயரில் விற்கிறது என்று சொன்னான். ரிவால்வருக்கு அதைப் போட முடியாதாம். குழல் குட்டை, அதனால் சீக்கிரம் எரிந்து முடிகிற மருந்து வேண்டும். நீளக் குழல் ரைபிளுக்கு மெதுவாக எரிந்து தள்ளிக்கொண்டே போகிற மருந்து.

அவன் சொன்னதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 38 ஸ்பெஷலின் கூடு. அந்தத் தோட்டா 1898ல் கரிமருந்துக் காலத்தில் பிறந்தது, அதனால் கூட்டுக்குள் இடம் அதிகம். இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டால் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கைதவறி இரண்டு தடவை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது, கண்ணுக்குத் தெரியாது. சுடும்போதுதான் தெரியும், துப்பாக்கி வெடித்து. அதனால் இவன் ரிவால்வருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிடப் பருமனைப் பார்க்கிறான்: இரட்டை அளவு போட்டால் வெளியே கொட்டிவிட வேண்டும், அப்படிப்பட்ட மருந்தாக இருக்க வேண்டும். மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் திறந்து வைப்பதில்லை. கையேட்டில் உள்ள குறைந்த அளவில்தான் தொடங்குவான். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவான்: மருந்தை மாற்றினால் குண்டை மாற்ற மாட்டான், பிரைமரை மாற்றினால் மருந்தைத் தொட மாட்டான்.

நான் பட்டறையில் கற்ற பாடமும் அதேதான். ஆனால் சிங்கப்பூரில் மருந்தளக்கும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே ஏர் பிஸ்டலே சட்டப்படி ஆயுதம். உரிமம் வேண்டும், துப்பாக்கி கிளப்பின் கிடங்கில்தான் இருக்கும். 2021ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள் சட்டத்தை ஒரு தடவை புரட்டினாலே போதும், வீட்டு மேசையில் இந்த வேலையெல்லாம் பார்க்கும் ஆசை போய்விடும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மச்சானுக்கு நாலு பாகம் இருக்க, எனக்கு மாற்றிப் பார்க்க இருப்பது ஒன்றே ஒன்று: அந்த ஈயக் குண்டு. சரி, அதையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

பெல்லட் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம். 4.5 மில்லிமீட்டர் விட்டம், அரை கிராம் எடை. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குடைவான பாவாடை. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்த மெல்லிய பாவாடை விரிந்து குழலின் உட்புறச் சுழல் வரிகளை அடைத்துக்கொள்ளும். தலைதான் குழலுக்குள் நேராக வழிநடத்தும். தலை தட்டையாக இருப்பதற்குக் காரணம் அட்டையில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை விழ வேண்டும் என்பது. கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துவிடும், மதிப்பெண் பார்ப்பதற்குள் சண்டை வந்துவிடும். இன்று பெரிய போட்டிகளில் மின்னணு இலக்குதான், ஆனாலும் தட்டைத் தலையின் ராஜ்ஜியம் மாறவில்லை.

டின்மேல் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று எடை. ஆர்10 பிஸ்டல் 0.45 கிராம், ஃபைனல் மேட்ச் பிஸ்டல் 0.49, ரைபிளுக்கான வகைகள் இரண்டு கம்பெனியிலும் 0.53. பிஸ்டலுக்கு ஏன் இலேசானது? குழலைவிட்டு எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ, கை ஆடுவதற்கு அவ்வளவு குறைந்த நேரம். நானூறு ஐந்நூறு பேர் இதை ஒரு வேதவாக்காகச் சொல்வார்கள். என் கை ஆடுகிற ஆட்டத்துக்கு 0.04 கிராம் என்ன செய்துவிடும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டையும் சுட்டதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது எண் தலையின் விட்டம்: 4.48, 4.49, 4.50 என்று டின்னில் ஒட்டியிருக்கும். இதற்காகக் கிளப்பில் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். நான் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் பழைய தொழில் மூளை விழித்தது: ஈயம் வெண்ணெய். மைக்ரோமீட்டரின் ராட்செட் ஒரு கிளிக் போடுவதற்குள் தலை அமுங்கிவிடும், நீங்கள் படிப்பது குண்டின் அளவை அல்ல, உங்கள் விரலின் அழுத்தத்தை. தொடாமல் அளக்க வேண்டுமானால் நிழலைப் பெரிதாக்கி அளக்கும் புரொஃபைல் புரொஜெக்டர் வேண்டும், அது கிளப்பில் இல்லை. ஆகவே மைக்ரோமீட்டரோடு வந்து "நான் அளந்தேன், டின்னில் பொய் போட்டிருக்கிறான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எடை அப்படியில்லை, அதை நேர்மையாக நிறுக்கலாம். சிம் லிம் டவரில் மில்லிகிராம் வரை காட்டும் ஒரு நிறுவை வாங்கினேன், நகைக்கடைகளில் வைத்திருப்பார்களே அந்த ரகம். பெல்லட்டை வீட்டுக்குக் கொண்டுவராமல் நிறுவையையே கிளப்புக்குக் கொண்டுபோனேன். ஏர்கான் காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி நிறுத்தேன். சுடுதளத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆஃபிசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், தங்கமா விக்கிறீங்க?" என்றார்.

நிறுத்துப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். ஃபைனல் மேட்சும் ஆர்10ம் ஒரு டின்னுக்குள் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. பட்டறையில் இப்படி ஒரு பாகம் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். மலிவு ரகம் ஒன்றில், பெயர் வேண்டாம், எடை இரண்டு பக்கமும் கூடுதலாகப் பரவியிருந்தது; அதைவிட, அங்கங்கே பாவாடை நசுங்கிய குண்டுகள் கிடந்தன. எடை வேறுபாட்டைவிட நசுங்கிய பாவாடைதான் கெடுதல். காற்று ஒரு பக்கமாகக் கசிந்தால் குண்டு வெளியேறும்போதே சாய்ந்துபோகும். அதைக் கண்டுபிடிக்க நிறுவை வேண்டாம். விளக்குக்கு நேரே ஒரு குண்டைத் திருப்பிப் பார்த்தால் வட்டம் கோணலாகத் தெரியும். ஏற்றும்போது விரலால் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டால் அதுவும் வேண்டாம்.

அப்புறம் சுட்டுப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் பிஸ்டலை அசையாமல் பிடிக்கும் கவ்வி ஒன்று இருக்கிறது. ரேஞ்ச் ஆஃபிசர் பக்கத்தில் நிற்க, கையின் குற்றத்தைக் கழித்துவிட்டுக் குண்டை மட்டும் சோதிக்கலாம். மச்சானின் விதிப்படி ஒன்றை மட்டும் மாற்றினேன்: அதே பிஸ்டல், அதே காற்றுச் சிலிண்டர் அழுத்தம், குண்டு மட்டும் வேறு. ஃபைனல் மேட்சும் ஆர்10ம் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைக்குள் போட்டன; விளிம்போடு அளந்தால் ஆறு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. குண்டே 4.5 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவு ரகம் ஏழு, சில சமயம் எட்டு. பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். நம்மூர் ஆள் இங்கேயே முடிவு கட்டி விலை உயர்ந்ததை வாங்கிவிடுவார்.

ஆனால் இலக்கை அளந்து பாருங்கள். ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். குண்டு கோட்டைத் தொட்டாலே பத்துதான். அதாவது குண்டின் மையம் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் பத்து. மலிவுக் குண்டு போட்ட எட்டு மில்லிமீட்டர் ஓட்டைக் கூட்டத்தில், குண்டின் 4.5ஐக் கழித்தால், மையங்களின் பரவல் மூன்றரை. பதினாறில் மூன்றரை! கவ்வியில் வைத்தால் அந்த மலிவு ரகமும் அறுபதுக்கு அறுபது பத்து போடும். நான் சுட்டால் 540 வருவதற்கும் பெல்லட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மிச்ச அறுபதும் என் மணிக்கட்டிலும், அரை கிலோ இழுவைக்குக் குறையக்கூடாத அந்த டிரிகரை அவசரமாகப் பிடுங்குவதிலும் போனவை.

இதனால்தான் பயிற்சிக்கு மலிவு ரகம் என்றேன். விலை குறைந்தால் இரண்டு டின் கூடச் சுடலாம், கை பழகும்.

போட்டிக்கு மட்டும் ஏன் நல்லது? கோட்டைத் தொட்டும் தொடாமலும் விழும் குண்டுகள் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அங்கே அரை மில்லிமீட்டர் ஒரு மதிப்பெண்ணாக மாறும். அதோடு மனசு. வரிசையில் நிற்கும்போது "குண்டு சரியில்லையோ" என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த ஐந்து குண்டும் போச்சு. நல்ல டின் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் தியோ ஷுன் ஷி ஏர் பிஸ்டலில் தங்கம் வாங்கியபோது தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறுதிச் சுற்றில் அந்தப் பெண்ணின் முகத்தில் எதுவுமே இல்லை. அந்த நிலைக்குப் போகிறவர்கள் குண்டைப் பற்றி அங்கே யோசிப்பதில்லை, அதையெல்லாம் முன்பே முடித்துவிட்டு வருகிறார்கள்.

ஆர்10ஆ, ஃபைனல் மேட்சா என்று வற்புறுத்திக் கேட்டால், நான் ஃபைனல் மேட்ச் பக்கம். என் பிஸ்டலின் குழலுக்குள் விரலால் தள்ளும்போது 4.50 தலை கொஞ்சம் இறுகி, சொன்ன இடத்தில் உட்காருகிறது. ஆர்10 பளபளப்பாக, தூசியில்லாமல் வருகிறது, கண்ணுக்கு அழகு. உங்கள் குழல் வேறு, உங்களுக்கு எதிர்மாறாக இருக்கலாம். செக் நாட்டு ஜேஎஸ்பி மேட்ச் குண்டுகளையும் நண்பர் ஒருவர் கொடுத்தார், கவ்வியில் இவற்றோடு சமமாக நின்றன. அதிகம் சுடவில்லை, அதனால் அதற்குமேல் பேசவில்லை.

இனி ரைபிள். என் அக்கா மகள் பள்ளியில் ஏர் ரைபிள் சுடுகிறாள். என் கணக்கை அவளிடம் பெருமையாகச் சொன்னேன், மலிவு குண்டு போதும் என்று. அவள் தட்டிலிருந்து தலை நிமிராமல், "மாமா, எங்க பத்து எவ்வளவு பெருசு தெரியுமா?" என்றாள்.

தெரியும். அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி. ரைபிளில் ஒரு குண்டுக்கு 10.9 வரை தசமத்தில் மதிப்பெண், 2013லிருந்து தகுதிச் சுற்றிலும் அப்படித்தான். மையம் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு தசமம் போகும்; பிஸ்டலில் அதே தசமத்துக்கு 0.8 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஆகவே குண்டு தானாகவே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பிஸ்டலில் அது தூசு, ரைபிளில் 0.4. இறுதிச் சுற்றுகளில் பதக்கத்தின் நிறமே 0.1ல் மாறுகிறது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்ட்டினா வெலோசோ ஏர் ரைபிளில் தங்கம் வென்ற மாதிரியான சுற்றுகளில், குண்டின் மேல் ஒரு துளி சந்தேகத்துக்கும் இடம் கிடையாது.

அதனால் ரைபிள்காரர்கள் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், பார்த்து வாங்குகிறார்கள். ஒரே பெயர், ஒரே எடை, ஒரே தலை அளவு என்றாலும் அச்சு தேயத் தேய ஒரு லாட் மற்றதைப்போல் இருக்காது. நாலைந்து லாட்டிலிருந்து ஒவ்வொரு டின், கவ்வியில் ரைபிளைப் பூட்டிச் சோதனை, எது மிக நெருக்கமாகப் போடுகிறதோ அந்த எண்ணில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கி அடுக்குவது. அவளுடைய ரைபிளுக்கு ஃபைனல் மேட்ச் ரைபிள் 0.53ல் ஒரு லாட் பொருந்தியிருக்கிறது. அவள் தோழிக்குச் சீனத்து சியாங் யுவான் ஒலிம்பிக் ரகம். ஒருவர் குண்டை மற்றவர் தொடுவதில்லை. ஒவ்வொரு குண்டும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்து வரும் பெட்டிகளும் உண்டு. டின்னுக்குள் குலுங்கி நசுங்காது. ரைபிள்காரர் அதற்குக் காசு கொடுக்கலாம். பிஸ்டல்காரர் கொடுத்தால் அது தானம்.

லாட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உள்ளூர் விநியோகஸ்தர் ஒருவரிடம் கிளப் மூலமாக ஒரே லாட் என்று சொல்லி வாங்கிய கட்டில், நடுவில் வேறு எண் போட்ட டின்கள் செருகியிருந்தன. கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார், அதே கம்பெனி" என்று பதில். மாற்றிக்கொடுத்தார்கள், ஆனால் பல வாரம் இழுத்தடித்து. பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு டின்னையும் திருப்பி எண்ணைப் படியுங்கள். மேல் டின்னை மட்டும் பார்க்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரப்பதம். ஈயம் காற்றிலும் ஈரத்திலும் மெல்லச் சாம்பல் பூத்து, பிறகு வெள்ளை மாவு படியும். அந்த வெள்ளை பூத்த குண்டைச் சுடாதீர்கள், விரலில் ஒட்டும் மாவு ஈய உப்பு. மூடி இறுக்கமாக, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். மரப்பெட்டி வேண்டாம், சில மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். எங்கள் கிளப்பில் ஒருவர் அழகான மரப்பெட்டி செய்து போட்டிக் குண்டுகளை அடுக்கி வைத்திருந்தார், திறந்தபோது பனி பெய்தமாதிரி இருந்தது.

சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கறிபஃப் எடுக்காதீர்கள். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர். ரேஞ்சுக்குள் காப்பி கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஈயமில்லாத குண்டுகளும் வந்துவிட்டன. எச் அண்ட் என் மேட்ச் கிரீன் வெள்ளீயத்தில், 0.34 கிராம்தான். கடினமாக இருப்பதால் வரியில் பிடிப்பது வேறு மாதிரி, விலையும் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈயச் சில்லுகளைத் தடைசெய்திருக்கிறது. அது வேட்டைத் துப்பாக்கிக்கு, நம் பத்து மீட்டருக்கு அல்ல. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது. கவ்வியில் ஒரு டின் மேட்ச் கிரீன் வைத்துப் பார்க்க ரேஞ்ச் ஆஃபிசரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அக்கா மகள் தன் ரைபிளையும் கொண்டுவருகிறாளாம்.